கேள்விக்கு முன் உணவு

நாங்கள் மூவர். ஒரே பள்ளியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியைகளாயிருந்து, ஒருவர்பின் ஒருவராக ஓய்வு பெற்றவர்கள். முத்துக்குளித்துறைக் கடற்கரையில், ஒருபுறம் கோயிலும் மறுபுறம் கல்லறைத் தோட்டமுமாக நடுவே நிற்கும் அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளி அது. இக்கட்டுரையை எழுதும் கை ஒருத்தியுடையது. நினைவும் குற்றமும் மூவருக்கும் பொதுவானவை. ஆகவே ‘நாங்கள்’ என்றே எழுதுகிறோம்.

ஓய்வு பெற்ற பின்னும் எங்கள் கால்கள் பழைய பாதையை மறக்கவில்லை. காலைத் திருப்பலி முடிந்து வெளியே வந்தால், பள்ளியின் புறவாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டே வீடு திரும்புவோம். 2024ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அந்தப் புறவாசலில் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. அணைந்த மெழுகுதிரியின் மணத்தோடு கோயில் படியிறங்கிய எங்களை, கடுகும் கறிவேப்பிலையும் தாளிக்கும் மணம் எதிர்கொண்டு அழைத்தது. எட்டேகால் மணிக்கெல்லாம் பிள்ளைகள் கை கழுவி, தட்டோடு வரிசையில் அமர்ந்திருந்தார்கள். ஒன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கண்ணை இறுக மூடிக்கொண்டு, உணவுக்கு முன் சொல்லும் செபத்தை மற்ற எல்லாரையும்விட உரக்கச் சொல்லி, எல்லாருக்கும் முன்பாக முடித்தாள். அவளுடைய அவசரத்தின் காரணம் தட்டில் ஆவி பறந்துகொண்டிருந்தது.

அந்தக் காட்சி எங்களுக்கு மகிழ்ச்சியையும் நாணத்தையும் ஒருசேரத் தந்தது. மகிழ்ச்சியின் காரணத்தை யாரும் ஊகிக்கலாம். நாணத்தின் காரணத்தை நாங்களே சொன்னாலன்றி யாரும் அறியமாட்டார்கள். அதனை முதலில் சொல்லிவிடுகிறோம்.

1994ஆம் ஆண்டுத் தவக்காலம். பிள்ளைகளிடம் ஒறுத்தல் உணர்வை வளர்க்க வேண்டுமென்று எங்களுக்கு ஓர் எண்ணம் உதித்தது. பெரிய தாளொன்றில் இலையுதிர்ந்த மரம் ஒன்றை வரைந்து மூன்றாம் வகுப்புச் சுவரில் ஒட்டினோம். அதற்குத் ‘தவக்கால மரம்’ என்று பெயரும் இட்டோம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கிளை. மிட்டாய்க் காசை உண்டியலில் போட்டால் ஓர் இலை. தம்பியிடம் சண்டையிடாதிருந்தால் ஓர் இலை. இயேசுவின் பாடுகளை எண்ணி ஒருவேளை உணவைத் துறந்தால் ஓர் இலை. பச்சைத் தாளில் வெட்டிய இலையின்மேல் செய்த ஒறுத்தலை எழுதி ஒட்ட வேண்டும். பாஸ்கா விழாவுக்குள் மரம் தழைத்துவிடும் என்பது எங்கள் கணக்கு.

மரம் தழைத்தது. எல்லாக் கிளைகளையும்விட ஒரு கிளை மிகுதியாகத் தழைத்தது. அது ஒரு மெலிந்த சிறுமியின் கிளை. நாள்தோறும் ஓர் இலை. ஒவ்வோர் இலையிலும் கோணல் எழுத்தில் ஒரே செய்தி: ‘காலைச் சாப்பாடு’. எட்டு வயதில் இத்துணைத் தவமா என்று வியந்தோம். தவக்காலத்தின் நான்காம் வாரத்தில், காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அவளை முன்னே அழைத்து நிறுத்தி, ‘இவளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்’ என்று முந்நூறு பிள்ளைகளிடமும் சொல்லி, குழந்தை இயேசுவின் படம் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தோம். அதை வாங்கிக்கொண்டு அவள் சிரித்தாளா, விழித்தாளா என்று இன்று எவ்வளவு முயன்றும் எங்களால் நினைவுகூர முடியவில்லை. அன்று அவளுடைய முகத்தை நாங்கள் பார்க்கவில்லை, இலைகளை எண்ணிக்கொண்டிருந்தோம்.

அந்த வாரத்து வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையின் நடுவே அவள் மயங்கி விழுந்தாள். அக்காலத்தில் தலைமையாசிரியையாயிருந்த அருட்சகோதரி அவளைத் தூக்கிவந்து கிடத்தி, கருப்பட்டிக் காப்பி கலந்து சிறிது சிறிதாகப் புகட்டினார்கள். கண் விழித்தவளிடம், ‘இவ்வளவு ஒறுத்தல் வேண்டாமே அம்மா, யார் உன்னைத் தினமும் பட்டினி கிடக்கச் சொன்னது?’ என்று கேட்டோம்.

‘டீச்சர்தானே சொன்னீங்க, காலையில சாப்பிடாம வந்தா அது இயேசுவுக்குன்னு’ என்றாள்.

சிறிது நேரத்தில் அவளுடைய தாய் ஓடிவந்தாள். கையிலும் புடவையிலும் மீன் செதில்கள் காய்ந்திருந்தன. நாங்கள் நடந்ததைச் சொல்ல, அவள் குழப்பத்தோடு எங்களைப் பார்த்தாள். ‘டீச்சர், அது ஒறுத்தலும் இல்ல, ஒண்ணும் இல்ல. நாங்க ரெண்டு பேரும் கருக்கல்லயே கரைக்குப் போயிருதோம். ஏலம் முடிஞ்சி, மீனத் தலச்சுமயா கொண்டு வித்துட்டு நா வீடு வந்து சேர மணி பதினொண்ணு ஆயிருது. பழைய சோறு கெடந்தா தின்னுட்டு வரும். இல்லன்னா பச்சத் தண்ணியக் குடிச்சிட்டு வரும். ஆனா பள்ளிக்கூடத்துக்கு மட்டும் ஒரு நாளும் மட்டம் போடாது டீச்சர்.’

அச்சிறுமி பொய் எழுதவில்லை. வீட்டில் இல்லாத உணவை அவள் இயேசுவுக்குக் கொடுத்திருந்தாள். நாங்களோ பசியைப் பக்தி என்று வாசித்துவிட்டோம். அந்த மரத்தில் மிகப் பசுமையான கிளை, எங்கள் வகுப்பில் மிகப் பசித்திருந்த பிள்ளையின் கிளை.

அன்று இரவு எங்களுக்கு உறக்கமில்லை. நோன்புச் சட்டம் வயது வந்தவர்களையே கட்டுப்படுத்தும், பதினெட்டு வயது நிறையாதவர்கள் நோன்பு காக்கக் கடமைப்பட்டவர்கள் அல்லர் என்பது திருச்சபையின் ஒழுங்கு. தாய்த் திருச்சபை பிள்ளைகள்மேல் சுமத்தாத பாரத்தை நாங்கள் பச்சைத் தாளில் வெட்டிச் சுமத்தியிருந்தோம். திருநீற்றுப் புதனை அடுத்துவரும் வெள்ளியன்று திருப்பலியில் எசாயாவின் ஐம்பத்தெட்டாம் அதிகாரம் வாசிக்கப்படுகிறது. இறைவன் விரும்பும் நோன்பு, பசித்தோருக்குத் தம் உணவைப் பகிர்ந்து கொடுப்பதே என்று இறைவாக்கினர் இடித்துரைக்கும் பகுதி அது. அவ்வாசகத்தை அந்த ஆண்டும் கேட்டோம். ‘இறைவா உமக்கு நன்றி’ என்று பதிலும் சொன்னோம். பின்னர் பள்ளிக்குப் போய், பசித்தவளிடமிருந்தே நோன்பை எதிர்பார்த்தோம்.

வேறு நினைவுகளும் வரிசையாக எழுந்தன. காலை வழிபாட்டுக்குத் தாமதமாக வருபவர்களைக் கொடிக்கம்பத்தின் அருகே மணலில் முழந்தாளிடச் செய்வது எங்கள் பள்ளியின் வழக்கமாயிருந்தது. பெரும்பாலும் அதே முகங்கள்தான் முழந்தாளில் இருக்கும். அவர்களைச் சோம்பேறிகள் என்றோம். முதல் பாடவேளையில் கேள்வி கேட்டால் விழிப்பவர்களை மந்தபுத்தி என்று பதிவேட்டின் ஓரத்தில் குறித்தோம். இப்போது அம்முகங்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தோம். தந்தை நள்ளிரவில் வள்ளத்தில் ஏறிவிட, தாய் விடியுமுன் ஏலக் கரைக்குப் போய்விட, தம்பி தங்கையரை எழுப்பி முகம் கழுவித் தலைவாரிப் பள்ளிக்கு அழைத்துவந்த பிள்ளைகள் அவர்கள். உழைத்துவிட்டு வந்தவர்களையே நாங்கள் சோம்பேறிகள் என்று முழந்தாளிட வைத்தோம்.

கழிவிரக்கத்தோடு நின்றுவிடக் கூடாதென்று, தவக்கால உண்டியலைத் திறந்தோம். பிள்ளைகளின் மிட்டாய்க் காசோடு எங்கள் காசையும் சேர்த்து, காலையில் உண்ணாமல் வரும் பிள்ளைகளுக்குப் பன் வாங்கி ஒரு தகர டப்பாவில் வைத்தோம். ஏப்ரல் தேர்வுவரை கொடுத்தோம். ஜூனில் பள்ளி திறந்ததும் மீண்டும் தொடங்கினோம். கச்சான் காற்று பலத்து வள்ளங்கள் கரையேறிக் கிடந்த நாட்களில் டப்பாவைச் சுற்றிக் கைகள் மிகுந்தன, பணம் குறைந்தது. அருட்சகோதரி வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார்கள். ஒருத்தி வாங்குவாள் என்று மற்றவள் இருக்க, மற்றவள் வாங்குவாள் என்று இன்னொருத்தி இருக்க, ஒருநாள் டப்பா வெறுமையாயிருந்தது, மறுநாளும் அவ்வாறே. யாரும் நிறுத்தவில்லை, அது நின்றுபோயிற்று. நல்ல செயல்களில் பல இவ்வாறே முடிகின்றன. நிறுத்தியவர் ஒருவர் இருந்தாலாவது அவரிடம் வழக்காடலாம்.

உணவு கொடுத்துக் கல்வி கொடுக்கும் எண்ணம் நம் மண்ணுக்குப் புதிதன்று. 1920ஆம் ஆண்டிலேயே, சர் பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சிக்குத் தலைமை வகித்த காலத்தில், ஆயிரம் விளக்குப் பள்ளியில் மாணவர்க்கு மதிய உணவு வழங்கப்பட்டது. 1956இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் மாநிலமெங்கும் பரவியது. 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. நாங்கள் மூவரும் 1960களில் பள்ளிப் பிள்ளைகள். கடல் கடந்து வந்த பால்பவுடரைக் கரைத்துக் குடித்தவர்கள். மஞ்சள் நிற மக்காச்சோள உப்புமாவைக் கைப்பிடிச் சூட்டோடு வாங்கித் தின்றவர்கள். அந்த உப்புமாவின் மணத்துக்காகவே பள்ளிக்குப் போன நாட்கள் உண்டு. நாற்காலியில் அமர்ந்ததும் அதை மறந்துவிட்டோம். மதியத்தில் சோறு உண்டே, பிறகென்ன என்று இருந்துவிட்டோம். முந்தின இரவு உண்ட பிள்ளைக்கு மதிய மணி எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதை மதிய உணவு உண்டு வளர்ந்த எங்களாலேயே கணக்கிட முடியவில்லை.

அந்தத் தொலைவைக் குறைக்கும் முயற்சி 2022இல் வந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 15ஆம் நாள் மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கப்பட்டது. முதற்கட்டமாக 1,545 அரசுத் தொடக்கப் பள்ளிகள். ஒன்றுமுதல் ஐந்தாம் வகுப்புவரை பயிலும் 1,14,095 பிள்ளைகள். 2023 ஆகஸ்டு 25ஆம் நாள் திருக்குவளையில் அது மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. செய்தித்தாளில் படித்து மகிழ்ந்தோம். ஆனால் எங்கள் பள்ளி அரசுப் பள்ளியன்று; அரசு உதவிபெறும் பள்ளி. மறைமாவட்டத்தின் பெயரில் பட்டயம், அரசின் பெயரில் ஊதியம் என்னும் இடைநிலை அது. அந்த இடைநிலையின் விலையை ஆசிரியர்களாகிய நாங்கள் கொடுத்ததில்லை, பிள்ளைகள் கொடுத்தார்கள்.

எங்கள் பள்ளிச் சுவருக்கு இரண்டு தெரு தள்ளி ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி இருக்கிறது. 2023 ஆகஸ்டிலிருந்து அங்கே காலையில் கிச்சடி மணந்தது. இங்கே மணி மட்டும் ஒலித்தது. ஒரே வீட்டில் அக்காள் அங்கே, தங்கை இங்கே என்று படித்த பிள்ளைகள் உண்டு. அக்காளின் பள்ளி வாசலில் தங்கை நின்று பார்த்துவிட்டு வருவாள் என்று பணியிலிருக்கும் ஆசிரியை ஒருவர் எங்களிடம் சொன்னார். ஏழைகளுக்காகவே நம் முன்னோர் இப்பள்ளிகளைக் கட்டினார்கள். அந்த ஏழைகளின் பிள்ளைகளே, நம் பள்ளியில் சேர்ந்த ஒரே காரணத்தால், காலை உணவை இழந்து நின்றார்கள். அன்பியக் கூட்டங்களில் இதைப் பேசினோம், மனு எழுதினோம். எங்களைப்போல் எத்தனையோ பேர் எழுதியிருப்பார்கள்.

இக்காலத்தில் வந்த பிற திட்டங்களும் எங்களைப் போன்ற பழைய ஆசிரியர்களுக்குப் பாடம் புகட்டின. கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்ததால் பிள்ளைகள் எழுத்தை மறந்திருந்தார்கள். 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி, மாலை வேளைகளில் தன்னார்வலர்களைத் தெருவுக்கே அனுப்பியது. எங்கள் ஊரில் அந்தோணியார் குருசடித் திண்ணையில், கல்லூரிப் படிப்பை முடித்த இளம்பெண் ஒருத்தி விளக்கொளியில் பாடம் சொன்னாள். அவளிடம் பிரம்பு இல்லை, பாட்டு இருந்தது. 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம், பிள்ளைகளை முதல்வன், கடையன் என்று அடுக்காமல், அவரவர் கற்ற நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பெயரிட்டு அமர்த்தியது. மந்தபுத்தி என்று நாங்கள் எழுதிய இடத்தில் அரும்பு என்று எழுதத் தெரிந்த ஒருவர் அரசு அலுவலகத்தில் இருந்திருக்கிறார் என்பதை எண்ணி, எங்களுக்குள் தலைகுனிந்தோம். அரும்பு தானாக மலரும். அதற்கு நீர் வார்த்தால் போதும்.

2024 ஜூலை 15, காமராசர் பிறந்த நாள். அன்று ஊரகப் பகுதிகளிலுள்ள 3,995 அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்குக் காலை உணவுத் திட்டம் விரிவாக்கப்பட்டது. ஏறத்தாழ 2.23 இலட்சம் பிள்ளைகள் புதிதாகப் பந்தியில் அமர்ந்தார்கள். அவர்களுள் எங்கள் பிள்ளைகளும் இருந்தார்கள். அந்தத் தொடக்க விழா திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் புனித அன்னாள் தொடக்கப் பள்ளியில் நடைபெற்றது. அதன்பின் 2025 ஆகஸ்டு 26ஆம் நாள் நகர்ப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கும் திட்டம் விரிந்தபோது, அது தொடங்கிய இடம் சென்னை மயிலாப்பூர்ப் புனித சூசையப்பர் தொடக்கப் பள்ளி. ஒன்று மரியாவைப் பெற்ற தாயின் பெயர் தாங்கியது. மற்றது இயேசுவை உழைத்துக் காத்தவரின் பெயர் தாங்கியது. இது தற்செயலாக அமைந்திருக்கலாம். ஆயினும், பிள்ளை சாப்பிட்டானா என்று காலையில் முதலில் கேட்பவள் பாட்டி. அந்தச் சாப்பாட்டுக்காக விடியுமுன் எழுந்து வேலைக்குப் போகிறவர் தந்தை. இவ்விரு பெயர்களும் இந்தத் திட்டத்துக்குப் பொருந்தி வந்தன என்று நாங்கள் எங்களுக்குள் பேசிக்கொண்டோம்.

திட்டம் நடைபெறும் முறையை அருகிருந்து பார்த்தோம். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு அரிசியோ ரவையோ சேமியாவோ ஐம்பது கிராம். சாம்பாருக்குப் பருப்பு பதினைந்து கிராம். உள்ளூரில் விளையும் காய்கறி. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கொரு வகை. ஊரகங்களில் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்களே சமைக்கிறார்கள். சமைப்பவளின் பிள்ளையும் அதே பள்ளியில் படிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. இந்த விதியை எழுதியவரை நாங்கள் மனமார வாழ்த்துகிறோம். தன் பிள்ளையும் அமரும் பந்திக்குச் சமைப்பவளை எந்த அதிகாரி வந்து கண்காணிக்க வேண்டும்? சமையல் தொடங்கிய நேரமும் முடிந்த நேரமும் கைப்பேசிச் செயலியில் பதிவாகின்றன. பிள்ளைகளுக்குப் பரிமாறுமுன் பெரியவர் ஒருவர் சுவைத்துப் பார்க்கிறார்.

எங்கள் பள்ளியில் சமைக்க வந்தவள் எங்கள் பழைய மாணவி. 1994இல் அவள் இரண்டாம் வகுப்பு. ஒரு நாள் கரண்டியைக் கழுவிக்கொண்டே பேச்சு வாக்கில் சொன்னாள்: ‘நீங்க பன்னு குடுத்தது எனக்கு ஞாபகம் இருக்கு டீச்சர். அதவிட, பன்னு நின்னுபோன நாளுதான் நல்லா ஞாபகம் இருக்கு. மூணு நாளா அந்த டப்பாவயே பாத்துக்கிட்டு இருந்தோம்.’

அவள் குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டே சொன்னாள். முப்பது ஆண்டுகளாகப் பன் கொடுத்ததை நாங்கள் எங்கள் புண்ணியக் கணக்கில் வைத்திருந்தோம். அவளுடைய கணக்கில் அது வெறும் டப்பாவாக முடிந்திருந்தது. இரக்கம் ஓர் ஊற்று, கோடையில் வற்றும். அதை வாய்க்கால் வெட்டி, முறை வைத்துப் பாய்ச்சினால்தான் பயிர் பிழைக்கும். இவ்வுண்மையை மறையுரைகளில் பலமுறை கேட்டும் உணராத நாங்கள், அன்று அடுப்படியில் உணர்ந்தோம்.

எதிர்ப்பேச்சுகளும் எழுந்தன, அவற்றையும் மறைக்க வேண்டியதில்லை. ‘பள்ளிக்கூடம் சாப்பாட்டுக் கடையாகிவிட்டது’ என்றார் ஒருவர். ‘பெற்ற தாய்மார் சோம்பேறிகளாவார்கள்’ என்றார் இன்னொருவர். சொன்னவர்கள் கெட்டவர்கள் அல்லர். காலையில் இட்லி உண்டவர்கள். கருக்கலில் மீன் கூடையோடு ஓடும் தாயைச் சோம்பேறியாக்க இவ்வுலகில் எந்தத் திட்டத்தாலும் இயலாது. திட்டத்தின்மேல் எங்களுக்கும் குறைகள் உண்டு. சில நாள் சாம்பார் நீர்த்திருக்கும். சில நாள் சரக்கு வரத் தாமதமாகும். குறையைச் சொல்லித் திருத்தலாம். பசியைச் சொல்லித் திருத்த முடியாது. உணவிட்டே தீர்க்க வேண்டும்.

மாற்றங்கள் மெல்ல வந்தன. கொடிக்கம்பத்தருகே மணலில் முழந்தாளிடும் வழக்கம் முன்பே ஒழிந்திருந்தது. இப்போது தாமதமாக வரும் பிள்ளைகளே அரிதானார்கள். முதல் பாடவேளை உயிர்பெற்றது என்று ஆசிரியைகள் சொன்னார்கள். பள்ளிகளில் நடக்கும் கலைத் திருவிழாவுக்குப் பெயர் கொடுக்கப் பிள்ளைகள் முந்திக்கொண்டார்கள். கதை கூறும் போட்டிக்காக ஒரு சிறுவன் புறவாசலில் நின்று ஒத்திகை பார்ப்பதைக் கேட்டோம். தன் தாத்தா புயலில் திசை தவறி, கோயில் கோபுர விளக்கைக் கண்டு கரைசேர்ந்த கதை. அலை எழுந்ததும் அவன் குரலும் எழுந்தது. அந்தக் குரலுக்கும் முன்பு உண்ட ஐம்பது கிராம் ரவைக்கும் தொடர்பில்லை என்று யாராவது சொன்னால் நாங்கள் ஏற்கமாட்டோம். கலை வயிற்றிலிருந்து பிறப்பதன்று. ஆனால் குரல் அங்கிருந்துதான் எழுகிறது.

2025 மே 4ஆம் நாள், பாஸ்கா காலத்தின் மூன்றாம் ஞாயிறு. யோவான் நற்செய்தியின் இறுதி அதிகாரம் வாசிக்கப்பட்டது. எங்கள் கடற்கரை மக்களுக்கு மிக நெருக்கமான பகுதி அது. இரவெல்லாம் வலை வீசி ஒன்றும் கிடைக்காமல் விடியலில் கரை திரும்பும் தொழிலாளிகள். கரையில் கரிநெருப்பு மூட்டி மீனும் அப்பமும் ஆயத்தமாக வைத்திருக்கும் ஆண்டவர். ஆயிரம் முறை கேட்ட பகுதிதான். எனினும் அன்றுதான் அதன் வரிசைமுறை எங்கள் கண்ணில் பட்டது. பேதுரு மும்முறை மறுதலித்தவர். ஆண்டவர் அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி இருந்தது. அதுவும் மும்முறை கேட்க வேண்டிய கேள்வி. ஆயினும் அவர் முதலில் கேள்வி கேட்கவில்லை, முழந்தாளிடவும் சொல்லவில்லை. உண்ண அழைத்தார், தம் கையாலேயே எடுத்துக் கொடுத்தார். அவர்கள் உண்டு முடித்த பிறகே, என்மேல் அன்புண்டா என்று கேட்டார். பேதுருவுக்கும் விடை தெரிந்திருந்தது. ஆசிரியர்களுள் முதல்வர் கைக்கொண்ட வரிசை இதுவே: முதலில் உணவு, பிறகு கேள்வி. முப்பது ஆண்டுகள் நாங்கள் தலைகீழாகச் செய்துகொண்டிருந்தோம்.

இத்துடன் கட்டுரையை முடித்திருப்போம். ஆனால் புறவாசல் படியில் ஒரு சிறுவன் உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு நாளும் தன் தங்கையைக் கைப்பிடித்து அழைத்துவந்து பந்தியில் அமர்த்திவிட்டு, அவள் உண்டு முடிக்கும்வரை படியில் காத்திருப்பான். முந்தின ஆண்டுவரை அவனும் அதே பள்ளியில் படித்தவன். இப்போது ஆறாம் வகுப்பு. பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளி. அப்போது திட்டம் ஐந்தாம் வகுப்போடு முடிந்தது, பசி முடியவில்லை. சமைக்கும் பெண் பெற்ற தாய்தான். ஆனால் அவளுக்கு அளந்து கொடுத்தது பதிவேட்டிலுள்ள பிள்ளைகளுக்கு. அச்சிறுவன் கேட்டதும் இல்லை. தலையைத் திருப்பிக்கொண்டு கடலைப் பார்த்துக்கொண்டிருப்பான். அந்தத் திரும்பிய முகத்தை இம்முறை நாங்கள் பார்த்தோம்.

யாயிரின் மகளை ஆண்டவர் உயிர்ப்பித்த நிகழ்ச்சியை மாற்கு எழுதுகிறார். வியப்பில் உறைந்து நின்றவர்களிடம் ஆண்டவர் இட்ட கட்டளைகளுள் ஒன்று, அவளுக்கு உண்ணக் கொடுங்கள் என்பது. உயிரைத் தந்தவர் உணவைத் தாமே வரவழைத்திருக்கலாம். அந்தப் பணியை வீட்டாரிடம் விட்டார். அச்சிறுமிக்கு வயது பன்னிரண்டு என்றும் மாற்கு குறிக்கிறார். ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய வயது.

மே மாதம் முழுவதும் அன்பியக் கூட்டங்களில் இதையே பேசினோம். பங்குத்தந்தை இசைந்தார். எங்கள் பங்கில் ஆறு அன்பியங்கள். பள்ளி நாட்களை அவற்றுக்குள் முறை வைத்துப் பங்கிட்டோம். 2025 ஜூனில் பள்ளி திறந்த நாளிலிருந்து, கோயில் சமூகக்கூடத் திண்ணையில், ஆறாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பிள்ளைகளுக்கு இட்லியோ இடியாப்பமோ உண்டு. யார் வருகிறார்கள் என்று நாங்கள் பெயர் எழுதுவதில்லை. எந்த அன்பியம் கொண்டுவர வேண்டும் என்பதை மட்டும் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். ஆகஸ்டில் ஒரு நாள் முறை தவறியது. தவறிய செய்தி ஏழு மணிக்கே தெரிந்துவிட்டதால், அடுத்த முறைக்குரியவர்கள் அன்றே கொண்டுவந்தார்கள். பெரிய காரியமன்று. ஆயினும் 1994இல் எங்களிடம் இல்லாதது இதுதான். தவறினால் தெரிவதற்கு ஒரு வழி.

அந்தத் தவக்கால மரத்தின் சிறுமி இப்போது எந்தக் கரையில் இருக்கிறாள் என்பது எங்களுக்குத் தெரியாது. மணமுடித்து வேற்றூர் போனவள், பெற்றோரும் மறைந்துவிட்டார்கள். அவளைக் கண்டு மன்னிப்புக் கேட்கும் பேறு எங்களுக்கு வாய்க்கவில்லை. அவளுடைய இலைகளில் ஒன்று மட்டும் எங்கள் மூவரில் ஒருத்தியின் செபப் புத்தகத்தில் இருக்கிறது. பச்சை நிறம் வெளிறிவிட்டது. ‘காலைச் சாப்பாடு’ என்னும் எழுத்து மட்டும் அழியவில்லை. அன்பு வாசகர்களே, உங்கள் பங்கிலும் பள்ளி உண்டு. பள்ளிக்குப் படிகளும் உண்டு. அடுத்த முறை அவ்வழியே போகும்போது, பந்தியில் இருப்பவர்களை எண்ணி மகிழ்ந்தபின், படியில் யாரேனும் இருக்கிறார்களா என்றும் ஒருமுறை பாருங்கள்.